ஒளிரும் மூலக்கூறு படுத்திருக்கிறதா, நிற்கிறதா: மெல்லிய படலத்தில் அளப்பது எப்படி

பினாங்கில் எல்இடி என்று சொன்னால் பலருக்கும் உடனே நினைவுக்கு வருவது பாயான் லெப்பாஸ்தான். தெரிந்தவர்களில் யாராவது ஒருவர் அங்கே ஷிப்ட் பார்த்திருப்பார். அந்தத் தொழிற்சாலைகளில் ஓடுவது படிகக் குறைகடத்தி. இந்தக் கட்டுரை கைபேசித் திரையிலும் விலையுயர்ந்த தொலைக்காட்சியிலும் இருக்கும் ஓஎல்இடி பற்றியது. அதில் ஒளி தருவது கரிம மூலக்கூறு. கண்ணாடி மேல் சில பத்து நானோமீட்டர் தடிமனுக்குப் படிய வைத்த படலம், அவ்வளவுதான். 1987-இல் கோடாக் நிறுவனத்தில் டாங், வான்ஸ்லைக் இருவரும் இரண்டு அடுக்குச் சாதனத்தைக் காட்டியதிலிருந்து இந்தத் துறை ஓடிக்கொண்டிருக்கிறது.

இதில் ஒரு பழைய தலைவலி உண்டு. படலத்துக்குள் பிறக்கும் ஒளியில் பெரும்பகுதி வெளியே வருவதில்லை. கரிமப் படலத்தின் ஒளிவிலகல் எண் 1.7 முதல் 1.8 வரை, கண்ணாடி 1.5, காற்று 1. பள்ளியில் படித்த முழு அக எதிரொளிப்பு இங்கே நமக்கு எதிராக வேலை செய்கிறது. எளிய கணக்கில் ஐந்தில் ஒரு பங்கு ஒளிதான் முன்பக்கமாகத் தப்பிக்கும். மீதி கண்ணாடிக்குள்ளும் படலத்துக்குள்ளும் சிக்கிக்கொள்ளும், அல்லது பின்னால் இருக்கும் உலோக மின்வாயில் வீணாகும்.

மூலக்கூறு எந்தப் பக்கம் பார்த்துப் படிந்திருக்கிறது என்பது இங்கேதான் முக்கியமாகிறது. ஒளிரும் மூலக்கூறு ஒரு குட்டி இருமுனை. மொட்டைமாடி ஆண்டெனாக் கம்பி மாதிரி, தன் நீளவாக்கில் அது ஒளியை அனுப்பாது, பக்கவாட்டில்தான் அனுப்பும். கம்பி படலத்தில் படுத்திருந்தால் ஒளி மேலும் கீழும் போகும், வெளியேறவும் வாய்ப்பு அதிகம். நின்றுகொண்டிருந்தால் ஒளி பக்கவாட்டில் ஓடிப் படலத்துக்குள்ளேயே மாட்டும், உலோகத்திலும் அதிகம் இழக்கும். எல்லா மூலக்கூறும் படுத்திருந்தால், தாறுமாறாகக் கிடக்கும் படலத்தைவிட வெளிவரும் ஒளி ஏறத்தாழ ஒன்றரை மடங்கு ஆகும். வேதியியலில் வருடக்கணக்கில் உழைத்துக் கிடைக்கும் லாபத்தை வெறும் சாய்வு கொடுத்துவிடுகிறது. அதனால்தான் இந்தச் சாய்வை அளக்க இவ்வளவு பேர் மெனக்கெடுகிறார்கள்.

இறுதியாண்டு புராஜெக்ட்டுக்கோ முதுகலை ஆய்வுக்கோ இந்த அளவையைக் கையில் எடுத்திருக்கும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். அடிப்படை ஒளியியல் தெரிந்தால் போதும். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கடைசியில் கைக்கு வரும் எண்ணை எந்தக் கருவியும் காட்டாது. கருவி காட்டுவது ஒரு வளைவை. அந்த வளைவோடு ஒரு கணக்கைப் பொருத்தி எண்ணை எடுப்பது நாம். ஆகவே பாதி வேலை லேசரை ஏற்றுவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

எந்த எண்ணைத் தேடுகிறோம்

மூலக்கூறின் உடம்பு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதை இந்த முறை சொல்லாது. ஒளி உமிழும்போது மின்னூட்டம் ஆடும் திசை, அதாவது உமிழ்வு இருமுனையின் திசை, அதைத்தான் சொல்லும். நீளமான கம்பி போன்ற மூலக்கூறில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கும். இரிடியம் போன்ற உலோக அணு நடுவில் இருக்கும் உருண்டை மூலக்கூறில் அப்படி இருக்காது. படத்தில் மூலக்கூறு படுத்திருப்பதுபோல் வரைந்துவிட்டு, இருமுனையைப் பற்றிப் பேசாமல் விடும் விளக்கப்படங்களை நம்பாதீர்கள்.

படலத்தின் தளத்துக்கு இணையான பங்கை இந்தக் கட்டுரையில் கிடைப்பங்கு என்கிறேன். எல்லாம் படுத்திருந்தால் 1. எந்த ஒழுங்கும் இல்லாமல் எல்லாத் திசையிலும் சமமாகச் சிதறியிருந்தால் 0.67, ஏனென்றால் மூன்று அச்சுகளில் இரண்டு கிடையானவை. எல்லாம் நின்றால் 0. சிலர் இதையே தலைகீழாக, நிற்கும் பங்காக எழுதுவார்கள். அவர்களுடைய 0.24 உங்களுடைய 0.76. இன்னும் சிலர் ஒழுங்கு அளவு என்ற ஒன்றைத் தருவார்கள். அதற்குச் சூத்திரம்: 1 கழித்தல் 1.5 பெருக்கல் கிடைப்பங்கு. ஒழுங்கில்லாத படலத்துக்கு 0, முழுக்கப் படுத்ததற்கு −0.5. தீட்டா என்ற ஒரே எழுத்தை ஒருவர் படுத்ததற்கும் இன்னொருவர் நிற்பதற்கும் போடுகிறார்கள். ஆய்வுக்கட்டுரையைப் படிக்கும்போது முதலில் ஒழுங்கில்லாத நிலைக்கு என்ன எண் போட்டிருக்கிறார்கள் என்று தேடுங்கள், குழப்பம் தீர்ந்துவிடும்.

இன்னொரு விஷயம். 0.67 வந்துவிட்டால் படலம் ஒழுங்கற்றது என்று உடனே முடிவு கட்டக்கூடாது. எல்லா இருமுனைகளும் செங்குத்திலிருந்து 54.7° சாய்வில் அச்சுப் பிசகாமல் நின்றாலும் அதே 0.67 தான் வரும். இந்த அளவை சராசரியைத்தான் பார்க்கிறது, பரவலைப் பார்க்காது.

படலம் தயாரித்தல்

அடித்தட்டாகச் சாதாரண கண்ணாடியை எடுக்காதீர்கள். மலிவான ஸ்லைடுகள் புற ஊதா ஒளி பட்டதும் தாமே கொஞ்சம் ஒளிரும். உருக்கிய சிலிக்கா, அதாவது ஆய்வகப் பேச்சில் குவார்ட்ஸ், வாங்குங்கள். தடிமன் 1 மில்லிமீட்டரோ அதற்குக் குறைவோ இருக்கட்டும். அளக்கும்போது இதன் பின்புறம் ஒட்டப்போகும் அரை உருளை வில்லையும் அதே பொருளில் இருக்க வேண்டும் என்பதை இப்போதே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

படலத் தடிமன் 30 நானோமீட்டர் அளவில் இருந்தால் நல்லது. ரொம்ப மெல்லியதானால் ஒளி போதாது. 100-ஐத் தாண்டினால் படலமே ஒளியை வழிநடத்தத் தொடங்கிவிடும், வளைவைப் புரிந்துகொள்வது கடினமாகும். ஒளிரும் மூலக்கூறைத் தனியாகப் படிய வைக்காமல், ஒரு ஹோஸ்ட் பொருளுக்குள் 5 முதல் 10 விழுக்காடு கலந்து ஆவியாக்குவது வழக்கம். தனியாகப் படிந்தால் ஒன்றின் ஒளியை இன்னொன்று அணைக்கும்.

ஆவிப்படிவு செய்யும்போது அடித்தட்டின் வெப்பநிலையைக் குறித்துவையுங்கள். புதியவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுவது இதைத்தான், ஆனால் சாய்வை நிர்ணயிப்பதே இதுதான். ஆவியாக வந்து விழும் மூலக்கூறு, அடுத்தது வந்து மூடும்வரை, மேற்பரப்பில் கொஞ்ச நேரம் நகர்ந்து தனக்குப் பிடித்த நிலையைத் தேடும். எவ்வளவு நகரும் என்பது அடித்தட்டு வெப்பநிலைக்கும் அந்தப் பொருளின் கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலைக்கும், அதாவது கண்ணாடிபோல் இறுகிய படலம் இளகத் தொடங்கும் வெப்பநிலைக்கும், உள்ள விகிதத்தைப் பொறுத்தது. இரண்டும் கெல்வினில். நீளமான மூலக்கூறுகளில் விகிதம் குறைவாக இருந்தால் படுக்கும். 0.95-ஐ ஒட்டினால் லேசாக எழுந்து நிற்கப் பார்க்கும். 1-ஐ நெருங்கினால் ஒழுங்கு போய்விடும். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் எடிகர் குழு 2015-இல் இதை மூன்று பொருள்களில் தெளிவாகக் காட்டியது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். சிபிபி என்ற பிரபலமான ஹோஸ்டின் கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலை சுமார் 62° செல்சியஸ். அடித்தட்டு 25° என்றால், கெல்வினுக்கு மாற்றியபின் விகிதம் 298 வகுத்தல் 335, அதாவது 0.89. டிசிடிஏ என்ற இன்னொரு ஹோஸ்டுக்கு சுமார் 151°, விகிதம் 0.70. ஒரே அறை, ஒரே வெற்றிடக் கலம், ஆனால் இரண்டு பொருளும் வேறு வேறு உலகத்தில் இருக்கின்றன. மூலப்பொருளைச் சூடாக்கும் கலனின் வெப்பம் அடித்தட்டையும் மெல்லச் சூடாக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். காலையில் போட்ட படலமும் கலம் சூடேறிய பிறகு மாலையில் போட்ட படலமும் வேறு எண் காட்டினால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

கரைசலைச் சுழற்றிப் பூசிய படலத்தில் சிறிய மூலக்கூறுகள் பெரும்பாலும் ஒழுங்கில்லாமல்தான் கிடக்கும். அதை ஒப்பீட்டு மாதிரியாக வைத்துக்கொள்ளலாம்.

அப்புறம் நம்மூர் ஈரப்பதம். பினாங்கின் மின்டனில் வெளியே 31°, ஈரப்பதம் 80 விழுக்காடு என்றால் பனிநிலை, அதாவது காற்றிலுள்ள நீர் படியத் தொடங்கும் வெப்பநிலை, 27°-ஐ ஒட்டி இருக்கும். ஆய்வகக் குளிர்சாதனம் 22°-இல் ஓடுகிறது. அந்தக் குளிர்ந்த கண்ணாடியைக் கையில் பிடித்துக்கொண்டு அடுத்த கட்டடத்துக்கு நடந்தால், வாசலைத் தாண்டியதும் அதன்மேல் நீர் பூக்கும். பார்ப்பதற்கு லேசான மூச்சுப் புகை மாதிரிதான் இருக்கும், உடனே மறைந்தும்விடும். ஆனால் சில ஹோஸ்ட் பொருள்கள் அதற்குப் பிறகு படிகமாகத் தொடங்கும். மாதிரியைச் சிலிக்கா ஜெல்லோடு ஜிப் பையில் போட்டுக் காற்றுப் போகாமல் மூடுங்கள். சேர வேண்டிய இடம் சேர்ந்து, கண்ணாடி அந்த அறையின் வெப்பநிலைக்கு வந்த பிறகே பையைத் திறங்கள். கேமரா வில்லையில் பூஞ்சை பிடிக்காமல் இருக்க விற்கிறார்களே டிரை கேபினட், அதில் சிறியது ஒன்று வாங்கி மேசைக்குப் பக்கத்தில் வைத்தால் பெரிய தொல்லை குறையும்.

தடிமனும் ஒளிவிலகல் எண்ணும்

எனக்குக் கேட்டால் முழு வேலையிலும் அதிகக் கவனம் கேட்பது இந்தப் படிதான். யாருக்கும் பிடிக்காததும் இதுவே. ஆவிப்படிவுக் கருவியில் இருக்கும் குவார்ட்ஸ் படிக மானி 30 நானோமீட்டர் என்று சொன்னால் அதை வேதவாக்காக எடுக்காதீர்கள். மானி இருக்கும் இடம் வேறு, மாதிரி இருக்கும் இடம் வேறு.

அதே ஓட்டத்தில் ஒரு சிலிக்கான் துண்டையும் பக்கத்தில் வைத்துப் படலம் போடுங்கள். சிலிக்கானில் எலிப்சோமெட்ரி, அதாவது சாய்வாகப் பட்டுத் திரும்பும் ஒளியின் மாற்றத்திலிருந்து தடிமனையும் ஒளிவிலகல் எண்ணையும் எடுக்கும் முறை, செய்வது சுலபம், ஒளி நன்றாகத் திரும்பி வரும். பல கோணங்களில் எடுங்கள், 65°, 70°, 75° என்று. படலம் ஒளியை உறிஞ்சாத நீள அலைப்பகுதியில் முதலில் கோஷி மாதிரியை (ஒளிவிலகல் எண் அலைநீளத்தோடு மாறுவதைச் சொல்லும் எளிய சூத்திரம்) வைத்துத் தடிமனைப் பிடித்துவிட்டு, பிறகு குறுகிய அலைநீளங்களுக்கு நகருங்கள்.

ஹோஸ்ட் மூலக்கூறுகளே படுத்திருந்தால் படலத்துக்கு இரண்டு ஒளிவிலகல் எண் இருக்கும்: தளத்துக்கு இணையாக ஒன்று, செங்குத்தாக ஒன்று. இதை விட்டுவிட்டு ஒரே எண்ணை வைத்தால் என்ன ஆகும் என்று ஒரு மதிப்பீடு போட்டுக்காட்டுகிறேன். மிக மெல்லிய படலத்தில் நிற்கும் இருமுனை வெளியே அனுப்பும் ஒளி, படலத்தின் ஒளிவிலகல் எண்ணின் நான்காம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் போகும். உண்மையான எண் 1.75, நீங்கள் வைத்தது 1.78 என்று வைத்துக்கொள்வோம். நிற்கும் இருமுனையின் ஒளியைக் கணக்கு சுமார் 7 விழுக்காடு குறைத்து மதிப்பிடும். அதை ஈடுகட்டப் பொருத்தம் நிற்கும் பங்கை உயர்த்தும். 0.67 வரவேண்டிய இடத்தில் 0.65 வரும். இரண்டாவது தசம இடத்திலேயே ஆட்டம்! மூன்று தசமத்தில் முடிவு எழுதும் தாள்களைப் பார்க்கும்போது இந்தக் கணக்கு நினைவில் இருக்கட்டும்.

மேடை அமைத்தல்

இந்த ஒளிர்வு முறையை 2010-இல் ஃபிரிஷைசன், யோகோயாமா, அடாச்சி, புருட்டிங் ஆகியோர் வெளியிட்டனர். இன்று உலகம் முழுக்கப் பெரும்பாலான ஆய்வகங்களில் இருப்பது அதன் ஏதோ ஒரு வடிவம்தான். தத்துவம் எளிது: படலத்தை லேசரால் ஒளிர வைத்து, கண்ணாடிப் பக்கமாக வெளிவரும் ஒளியைக் கோணம் கோணமாக அளப்பது. தட்டையான கண்ணாடியிலிருந்து 41°, 43°-க்கு மேல் ஒளி காற்றுக்குள் வராது, ஆனால் நமக்கு வேண்டிய செய்தி எல்லாம் அதற்கு மேல்தான் இருக்கிறது. அதனால் கண்ணாடியின் பின்புறம் ஓர் அரை உருளை வில்லையை ஒட்டுகிறோம். எந்தக் கோணத்தில் வரும் ஒளியும் வளைபரப்பைச் செங்குத்தாகச் சந்தித்து வெளியேறிவிடும்.

எல்இடி தொழிற்சாலையில் கோனியோமீட்டர் பார்த்தவர்களுக்கு இந்த மேடை பழகியதுபோல் தோன்றும். சுழலும் கை, மையத்தில் மாதிரி, தூரத்தில் உணரி. ஆனால் அங்கே அளப்பது பேக்கேஜ் வெளியே எவ்வளவு ஒளி வீசுகிறது என்பதை. இங்கே கண்ணாடிக்கு உள்ளே ஒளி எப்படிப் பரவுகிறது என்பதை.

வேண்டிய பொருள்கள்: லேசர், அரை உருளை வில்லை, 1° அல்லது அதற்கும் நுணுக்கமாகச் சுழலும் மேடை, ஒரே திசையில் மின்புலம் ஆடும் ஒளியை மட்டும் விடும் போலரைசர், லேசரைத் தடுத்து நீள அலைகளை மட்டும் விடும் ஃபில்டர், ஃபைபர் இணைத்த ஸ்பெக்ட்ரோமீட்டர். கவனிக்க வேண்டியவை இந்தப் பட்டியலில் இல்லை, அவற்றை இனிச் சொல்கிறேன்.

வில்லையின் மையம். 10 மில்லிமீட்டர் ஆரமுள்ள அரை உருளையை வாங்கி 1 மில்லிமீட்டர் கண்ணாடியை ஒட்டினால் படலம் மையத்தைவிட்டு 1 மில்லிமீட்டர் தள்ளிப் போய்விடும். 60° அருகே கோணம் 2 டிகிரிக்கு மேல் பிசகும். கண்ணாடியின் தடிமனைக் கழித்து, 9 மில்லிமீட்டர் உயரத்துக்கு வில்லையை வெட்டித் தரச்சொல்லி ஆர்டர் கொடுங்கள். முடியாவிட்டால் பெரிய ஆரமுள்ள வில்லையும் மெல்லிய கண்ணாடியும் எடுங்கள், பிசகு சுருங்கும்.

ஒட்டும் எண்ணெய். கண்ணாடிக்கும் வில்லைக்கும் இடையே காற்று இருந்தால் எல்லாம் வீண். உருக்கிய சிலிக்காவின் எண் 1.46. கிளிசரின் 1.47, மலிவு, எங்கும் கிடைக்கும். ஆனால் அது காற்றிலிருந்து நீரை உறிஞ்சும். திறந்து வைத்த பாட்டில் நம்மூர்க் காற்றில் நாள் போகப் போக நீர்த்து எண் இறங்கும். சிறிய பாட்டிலாக வாங்கி மூடியே வையுங்கள். நுண்ணோக்கி எண்ணெய் 1.52 அளவில் இருக்கும், அது சாதாரணக் கண்ணாடி வில்லைக்குப் பொருந்தும், சிலிக்காவுக்கு அல்ல. எதை எடுத்தாலும் படலம் இல்லாத வெறும் கண்ணாடியை அதே எண்ணெயால் ஒட்டி ஒருமுறை லேசர் அடித்துப் பாருங்கள். எண்ணெயே ஒளிர்ந்தால் வேறு தேடுங்கள்.

ஒட்டுவதில் ஒரு கைப்பக்குவம் இருக்கிறது. வில்லையின் தட்டையான முகத்தின் நடுவில் ஒரே ஒரு சிறு துளி. கண்ணாடியின் ஒரு விளிம்பை முதலில் வைத்து, மறு விளிம்பை மெல்ல இறக்குங்கள். துளி விரிந்து ஓடுவது தெரியும். நடுவில் குமிழி நின்றுவிட்டால் அழுத்திப் பயனில்லை, எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடியும் தொடங்குங்கள். துளி பெரிதானால் எண்ணெய் விளிம்பைச் சுற்றி ஏறி மேலே இருக்கும் படலத்தைத் தொடும். தொட்ட இடத்தில் வானவில் நிறத்தில் ஒரு கோடு தெரியும், அந்த மாதிரியின் கதை அத்தோடு முடிந்தது.

படலத்துக்கு மேலே காற்றோ நைட்ரஜனோதான் இருக்க வேண்டும். சாதனங்களைப் பாதுகாப்பதுபோல் படலத்தின்மேல் பசை ஊற்றி இன்னொரு கண்ணாடியை ஒட்டினால், காற்றுக்கும் படலத்துக்கும் இடையே உள்ள பெரிய வேறுபாடு போய்விடும். படுத்ததையும் நின்றதையும் பிரித்துக் காட்டுவதே அந்த வேறுபாடுதான். ஆக்சிஜனிலிருந்து காக்க வேண்டுமானால் நடுவில் இடைவெளி விட்ட குழிக் கண்ணாடியால் மூடுங்கள், அல்லது மெல்லிய நைட்ரஜன் ஓட்டம் கொடுங்கள்.

லேசர் எந்த அலைநீளம்? ஹீலியம் காட்மியம் லேசரின் 325 நானோமீட்டர் சிபிபி போன்ற ஹோஸ்டைக் கிளர்வூட்டும். அங்கிருந்து ஆற்றல் ஒளிரும் மூலக்கூறுக்கு மாறும்போது லேசரின் திசை நினைவு பெருமளவு அழிந்துவிடும். மலிவான 405 நானோமீட்டர் டயோடு ஹோஸ்டைத் தொடாது, ஒளிரும் மூலக்கூறை நேரடியாகத்தான் எழுப்பும். அப்போது லேசரின் மின்புலத்துக்கு இணையாக இருப்பவையே அதிகம் எழும், எண் ஒருபக்கமாகச் சாயலாம். 405 தான் கையில் இருக்கிறது என்றால் பரவாயில்லை: லேசரின் தளவிளைவை, அதாவது மின்புலம் ஆடும் திசையை, திருப்பி இரண்டு முறை அளந்து, வளைவு மாறுகிறதா என்று பாருங்கள். மாறவில்லை என்றால் நிம்மதி.

பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். 405 கண்ணுக்கு மங்கலாகத் தெரியும், ஆனால் திறன் மங்கலாக இருக்காது.

லேசர், மாதிரியோடு சேர்ந்து சுழல வேண்டும், அல்லது மாதிரி அசையாமல் உணரிக் கை சுழல வேண்டும். மாதிரி மட்டும் சுழன்றால் லேசர் விழும் கோணம் ஒவ்வொரு புள்ளியிலும் மாறும், கிளர்வின் அளவும் மாறும்.

அளவை ஓட்டம்

போலரைசரை ஃபைபருக்கு முன்னால் வையுங்கள். ஃபைபருக்குள் போனபிறகு தளவிளைவு குலைந்துவிடும். மின்புலம் சுழலும் தளத்துக்குள் இருந்தால் பி, அதற்குச் செங்குத்தாக இருந்தால் எஸ். இரண்டையும் எடுங்கள். நமக்கு வேண்டிய விடை பி-யில்தான் இருக்கிறது என்று எஸ்-ஐத் தவிர்ப்பவர்கள் உண்டு, செய்யாதீர்கள். காரணம் பிறகு வரும்.

−80° முதல் 80° வரை ஓட்டுங்கள். படி 1° போதும். 38° முதல் 50° வரை அரை டிகிரியாகக் குறைத்தால் நல்லது, அங்கேதான் வளைவு திடீரென்று திரும்பும். ஒவ்வொரு கோணத்திலும் முழு நிறமாலையைச் சேமியுங்கள், உச்ச அலைநீளத்தை மட்டும் அல்ல. கடைசியில் மறுபடியும் 0°-க்கு வந்து ஒரு புள்ளி எடுங்கள். தொடங்கியபோது இருந்ததைவிட ஒளி குறைந்திருந்தால் லேசர் மூலக்கூறுகளை எரித்துக்கொண்டிருக்கிறது. திறனைக் குறைத்து, மாதிரியில் வேறு இடத்துக்கு நகர்ந்து, மீண்டும் ஓட்டுங்கள். இதைக் கவனிக்காமல் விட்டால், பெரிய கோணத்தில் ஒளி குறைந்தது இருமுனையாலா, எரிந்து போனதாலா என்று யாராலும் சொல்ல முடியாது.

தரவை வரைந்ததும் கணக்குக்குப் போகாமல் கொஞ்ச நேரம் வளைவைப் பாருங்கள். இடப்பக்கமும் வலப்பக்கமும் கண்ணாடியில் பார்த்ததுபோல் ஒத்திருக்க வேண்டும். ஒருபக்கம் உயர்ந்திருந்தால் லேசர்ப் புள்ளி அச்சில் இல்லை. கண்ணாடியின் ஓரங்களிலிருந்து சிதறிய ஒளி சேர்ந்தால் 80° அருகே வளைவு இறங்க மறுக்கும், ஓரங்களைக் கறுப்பாக்குங்கள். 29° அருகே கூர்மையான முள் ஒன்று நிற்கிறதா? 45°-இல் காற்றிலிருந்து விழும் லேசர் சிலிக்காவுக்குள் திரும்பி வெளியே வருவது 29°-இல்தான். அது லேசர்க் கசிவு, ஃபில்டரைச் சரிபாருங்கள், அல்லது லேசரைச் சுழலும் தளத்துக்கு வெளியேயிருந்து அனுப்புங்கள்.

மாலை இடி மழை நேரத்தில் மின்சாரம் ஒரு கணம் கண்சிமிட்டினாலும் சுழல்மேடை தன் பூச்சியத்தை மறந்துவிடும். யுபிஎஸ் இல்லாவிட்டால் காலையில் ஓட்டுவது உத்தமம்.

கணக்கைப் பொருத்துதல்

மூன்று அடுக்கு: மேலே காற்று, நடுவில் படலம், கீழே முடிவில்லாத சிலிக்கா. இதில் ஓர் இருமுனை எப்படி ஒளிவீசும் என்பதற்கான சூத்திரங்கள் எப்போதோ எழுதப்பட்டுவிட்டன. பைதானில் நீங்களே எழுதலாம், அல்லது ஆய்வகத்தில் ஏற்கெனவே இருப்பதை வாங்கிக்கொள்ளலாம். யாருடைய நிரலானாலும் முதலில் ஒரு சோதனை: கிடைப்பங்கு 0.667 கொடுத்து வரும் வளைவும், நிரலில் ஒழுங்கற்ற நிலை என்று தேர்ந்தெடுத்தால் வரும் வளைவும் ஒன்றன்மேல் ஒன்று அச்சாகப் பொருந்த வேண்டும். பொருந்தவில்லை என்றால், கிடையான இரண்டு அச்சுகளையும் எங்கோ ஒன்றாக எண்ணிவிட்டார்கள்.

அளந்த வளைவையும் கணக்கிட்ட வளைவையும் 0°-இல் 1 என்று சமப்படுத்துங்கள். அங்கே நிற்கும் இருமுனை எதுவும் தராது. பி, எஸ் இரண்டும் சமமாகவும் இருக்கும். ஸ்பெக்ட்ரோமீட்டர் இரண்டு தளவிளைவுகளையும் வேறு வேறு உணர்திறனில் பார்த்தாலும் அது இதிலேயே கழிந்துவிடும்.

இப்போது எஸ். இதில் நிற்கும் இருமுனைக்கு இடமே இல்லை. படுத்தவை மட்டும்தான் தெரியும். ஆகவே தடிமனும் ஒளிவிலகல் எண்ணும் சரியாக இருந்தால், எதையும் மாற்றாமலே எஸ் வளைவு தானாகப் பொருந்த வேண்டும். பொருந்தவில்லை என்றால் கோளாறு மேடையிலோ தடிமனிலோ இருக்கிறது. எஸ் பொருந்தும்வரை பி-யைத் தொடாதீர்கள். இந்த ஒரு கட்டுப்பாடு இருந்தாலே வெளிவரும் எண்களில் பாதி நம்பத்தக்கதாகிவிடும் என்று நினைக்கிறேன்.

எஸ் பொருந்தியதும் பி-க்கு வாருங்கள். மாற்ற வேண்டியது கிடைப்பங்கு ஒன்றுதான். முழுக்கப் படுத்த படலத்தில் மாறுநிலைக் கோணத்துக்கு (ஒளி காற்றுக்குள் வராமல் நிற்கத் தொடங்கும் அந்த 43°) அருகே பி வளைவு ஆழமாக விழும், அதற்குப் பிறகு கொஞ்சமாகத்தான் எழும். நிற்கும் இருமுனைகள் அந்தக் கோணத்துக்கு மேலே ஒளியை நிரப்பும். நிற்பது கூடக் கூட அந்த மேடு உயரும். கண்ணால் பார்த்தே 0.65-க்கும் 0.80-க்கும் வித்தியாசம் சொல்லிவிடலாம்.

புதிய பொருளை அளப்பதற்கு முன் தெரிந்த ஒன்றை அளந்துவிடுங்கள். ட்ரிஸ் பினைல்பிரிடின் இரிடியம், ஆய்வகத்தில் ஐஆர் பிபிஒய் த்ரீ என்பார்கள், பச்சை ஒளி தரும், எளிதாகக் கிடைக்கும். சிபிபி-யில் கலந்தால் 0.67-ஐ ஒட்டி வரவேண்டும். அதன் மூன்று கைகளில் ஒன்றை அசிட்டைல்அசிட்டோனேட்டாக மாற்றிய மூலக்கூறு சுமார் 0.77 தரும். ஒரே நிறம், கிட்டத்தட்ட ஒரே அமைப்பு, ஆனால் ஒரு கையை மாற்றியதும் சாய்வு வந்துவிடுகிறது. இந்த இரண்டையும் உங்கள் மேடை பிரித்துக் காட்டினால் போதும், தைரியமாக மேலே போகலாம். இரண்டுக்கும் ஒரே எண் வந்தால் எலிப்சோமெட்ரிக்குத் திரும்புங்கள்.

பிழை அளவை எப்படிச் சொல்வது? பொருத்தும் நிரல் ±0.002 என்று அழகாக ஓர் எண் கொடுக்கும். அது தரவின் இரைச்சலை மட்டும் பார்த்துச் சொல்வது. தடிமனை 3 நானோமீட்டர் ஏற்றி இறக்கி, ஒளிவிலகல் எண்ணை 0.03 ஏற்றி இறக்கி, ஒவ்வொரு முறையும் மீண்டும் பொருத்துங்கள். கிடைப்பங்கு எந்த எல்லைகளுக்குள் ஆடுகிறதோ அதுவே உங்கள் உண்மையான பிழை. 0.02 வந்தாலே நல்ல வேலை. அப்போது 0.74-க்கும் 0.76-க்கும் வேறுபாடு கண்டுபிடித்ததாக எழுத முடியாது, மேற்பார்வையாளர் எவ்வளவு ஆசைப்பட்டாலும்.

அறிக்கையில் கிடைப்பங்கோடு இவையும் போகட்டும்: ஹோஸ்ட், கலவை விழுக்காடு, தடிமனும் அதை அளந்த முறையும், படிவு வேகம், அடித்தட்டு வெப்பநிலை, லேசரின் அலைநீளமும் தளவிளைவும், பொருத்திய அலைநீள எல்லை, எஸ் வளைவு. கடைசியாகச் சொன்னது பல வெளியீடுகளில் இருப்பதில்லை, துணைக் கோப்பிலாவது சேர்த்துவிடுங்கள். மூலத் தரவை வெறும் எழுத்துக் கோப்பாகச் சேமித்து, கோப்பின் பெயரிலேயே மாதிரி எண்ணும் தேதியும் இருக்கும்படி செய்யுங்கள். உங்களுக்குப் பிறகு வரும் மாணவர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.